நிரல்மொழியின் கருவிலேயே பல பைட் எழுத்தாதரவை அமைப்பது எப்படி

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்து புதிய நிரல்மொழி ஒன்றை உருவாக்குவோர், திருப்பாதிரிப்புலியூர் என்னும் ஊர்ப்பெயரை முதல் சோதனைச் சரமாக (எழுத்துத் தொடராக) வைத்துக்கொள்ளலாம். அதில் நாம் படிக்கும் எழுத்துகள் 11. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலையான யூனிகோடின் குறியீட்டுப் புள்ளிகள், அதாவது எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் தனித்தனியே உள்ள எண்கள், 22. அந்த எண்களைப் பைட்டுகளாக (கணினி நினைவக அலகுகளாக) எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட் ஆவதால் மொத்தம் 66 பைட். சரத்தின் நீளத்தைக் கேட்டால் வலைத்தளங்களுக்குப் பயன்படும் பிஎச்பி நிரல்மொழியின் அடிப்படைச் செயற்கூறு 66 என்றும், அதன் எம்பிஸ்ட்ரிங் (mbstring) நீட்டிப்பு 22 என்றும், இன்டில் (intl) நீட்டிப்பு 11 என்றும் சொல்லும். தமிழருக்கு வேண்டிய விடை மூன்றாவது. அதுவோ தனியாகச் சேர்த்தால்தான் கிடைக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே நம் வேலை.

முதலில், உரையையும் பைட்டுகளையும் வெவ்வேறு தரவு வகைகளாகப் பிரியுங்கள். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 நிரல்மொழி இதைத்தான் செய்தது. கோப்பிலிருந்தோ வலையிலிருந்தோ வரும் பைட்டுகள் உரையாக மாறும் இடத்திலேயே குறியாக்கத்தைச் சரிபார்த்து, பிழையானவற்றை அங்கேயே மறுத்துவிட வேண்டும்.

அடுத்து, நீளம் காணுதல், வெட்டுதல், திருப்புதல் ஆகியவை எழுத்துத் தொகுதி (நாம் ஓரெழுத்தாகப் படிப்பது) அளவிலேயே இயங்கட்டும். ஸ்விஃப்ட் மொழி அவ்வாறே எண்ணுகிறது. நம் ஊர்ப்பெயரை 50 பைட்டில் வெட்டினால் ‘திருப்பாதிரிப்பு’ என்பதற்குப் பின் லகரத்தின் இரண்டு பைட்டுகள் மட்டும் எஞ்சித் திரையில் குப்பையாகத் தெரியும். 19 குறியீட்டுப் புள்ளிகளில் வெட்டினாலோ ‘திருப்பாதிரிப்புலிய’ என்று யூகாரம் யகரமாகிவிடும். இரண்டாவது பிழையே கொடியது என்பேன். திரையில் குப்பை தெரியாததால் அது எவர் கண்ணிலும் படாமல் அரசுப் பட்டியல்வரை போய்ச் சேரக்கூடும்.

ஒப்பிடுதலிலும் கவனம் தேவை. கொம்பாக்கம் என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டுப் புள்ளிகளாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே ஆனாலும் பைட் ஒப்பீட்டில் வேறுபடும். புதுச்சேரித் தெருப்பலகைகளில் காணும் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆகவே ஒப்பிடும் முன்பும் அகராதிச் சாவியாக (தரவைத் தேடி எடுக்கும் பெயராக) பயன்படுத்தும் முன்பும் இத்தகைய மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு இயல்பாக்குங்கள்.

உள்ளே சேமிக்க யுடிஎஃப்-8ஐயே வைத்துக்கொள்வது நல்லது. யூனிகோடின் மற்றொரு குறியாக்கமான யுடிஎஃப்-16ஐ உள்வடிவமாகக் கொள்ள முயன்ற பிஎச்பி 6 திட்டம் 2010இல் கைவிடப்பட்டது.

இறுதியாக, எழுத்துகளின் பண்புகளைத் தரும் யூனிகோடு அட்டவணைகளை மொழியின் கருவிலேயே சேர்த்து, அவற்றை நீக்கிவிட்டு மொழியைத் தொகுக்கும் (compile) விருப்பத்தை வழங்காதீர்கள். எந்த யூனிகோடு பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை ஒவ்வொரு வெளியீட்டிலும் குறிப்பிடுங்கள்.