புது ராக் பேண்டைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்பம் வந்த வருடத்தை மாற்றிச் சொல்வது, டிரம்மர் பெயரைக் குழப்பிக்கொள்வது எல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. அதைத் திருத்தக் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். புதிதாக ராக் கேட்க வந்தவர்கள், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் அடித்த அதே பேச்சை அச்சு மாறாமல் அடிப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"அப்படியே அவங்க மாதிரி"

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு புது பேண்டின் ஆல்பத்தை நண்பர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஒருவர், "இது ஜாய் டிவிஷன் காப்பிப்பா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பழைய இங்கிலாந்து பேண்டின் எந்த ஆல்பம் உசத்தி, அதன் பாடகர் இயன் கர்டிஸ் உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பேச்சு எங்கேயோ போய்விட்டது. போட்ட ஆல்பம் பாட்டுக்கு ஓடி முடிந்தது. கடைசிப் பாட்டில் டிரம்ஸ் சட்டென்று நின்று, பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடந்த இடத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

2002இல் நியூயார்க் பேண்டான இன்டர்போலின் முதல் ஆல்பத்துக்கும் இதே கதிதான். பாடகர் பால் பேங்க்ஸின் கனத்த குரலைக் கேட்டதுமே பலர் ஜாய் டிவிஷன் முத்திரையைக் குத்திவிட்டார்கள். குரலில் சாயல் உண்டு, சரி. ஆனால் கிட்டாரைக் கேளுங்கள். இன்டர்போலில் ஒரு கிட்டார் விட்ட இடைவெளியில் இன்னொன்று புகுந்து பின்னிக்கொண்டே போகும். ஜாய் டிவிஷனிலோ மெட்டைச் சுமப்பது பெரும்பாலும் பீட்டர் ஹுக்கின் பேஸ். கிட்டார் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் மேல் ஸ்வரங்களுக்கு ஏறிப் பழகியவர் அவர். 1979இல் வந்த 'அன்நோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸ் காலி மண்டபத்தில் அடிப்பதுபோல் கேட்பது தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட்டின் கைவரிசை. மேடையில் அவர்கள் அதைவிட மூர்க்கமாக வாசித்தவர்கள். ஹுக்குக்கே அந்த ஒலி அப்போது பிடிக்கவில்லை.

அப்புறம் 'ஜாய் டிவிஷன் மாதிரி' என்றால் எது மாதிரி? குரலா, பேஸா, ஹானட்டின் எதிரொலியா? ஒப்பிடுங்கள், தப்பில்லை. எதை ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு ஒப்பிடுங்கள். "குரல் கர்டிஸ் பக்கம், கிட்டார் வேறு பக்கம்" என்றால் கேட்பவர் ஒருமுறை போட்டுப் பார்ப்பார். "காப்பி" என்றால் அந்த பேண்ட் பக்கமே போகமாட்டார்.

ரா சவுண்ட்

'ரா'வாக, அதாவது மெருகில்லாமல், இருக்கிறது என்றால் யாரும் மெனக்கெடவில்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்க பேண்டான நிர்வாணாவின் ஆல்பங்களில் 'நெவர்மைண்ட்' மெருகு, 'இன் யூட்டரோ' ரா என்பார்கள். 1993இல் வந்த அந்த 'ரா' ஆல்பத்துக்காக ஸ்டீவ் அல்பினி அறை முழுக்க மைக் வைத்து டிரம்ஸைப் பதிவு செய்தார். போதாததற்கு, இரண்டு பாட்டுகளை தயாரிப்பாளர் ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தபிறகே ஆல்பம் வெளியானது.

சத்தமாக இருந்தால் ஹெவி

இல்லை. பிளாக் சபாத் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கம்பிகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கினார். விரலுக்கும் சௌகரியம், ஒலிக்கும் கனம். வால்யூமைக் குறைத்து வைத்தாலும் அந்தக் கனம் போகாது.

ஷூகேஸ்

ஷூகேஸ் என்பது கிட்டார் ஒலியில் குரலே மூழ்கிப்போகும் ஒரு ராக் வகை. ஆனால் கலங்கலாகக் கேட்பதெல்லாம் ஷூகேஸ் ஆகிவிடாது. மை பிளடி வாலண்டைன் பேண்டின் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமோலோ கைப்பிடியைப் பிடித்தபடியே கிட்டாரை மீட்டுவார். சுருதி மிதப்பது அதனால்தான். ஒலியை மாற்றும் பெடலை மட்டும் வாங்கிக் குவித்தால் அது வராது.

ஓவர்ரேட்டட்

இது மற்ற ரசிகர்களைப் பற்றிய புகார். பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்.

போன் ஸ்பீக்கர்

அதில் கேட்டுவிட்டு "பேஸ் வீக்" என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். பேஸ் அதில் வரவே வராது.