எரிமலைக் கண்ணாடி மணி வாங்குவது எப்படி

தனுஷ்கோடிக் கரையில் பொறுக்கியது என்று யாராவது கறுப்புக் கண்ணாடித் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் அலையில் உருண்ட பாட்டில் துண்டு. அப்சிடியன் என்னும் உண்மையான எரிமலைக் கண்ணாடி மெக்சிகோ, ஆர்மீனியா, ஐஸ்லாந்து போன்ற இடங்களின் எரிமலைகளில் பிறப்பது.

ராமேஸ்வரத்தில் என் சங்குக்கடைக்கு மணி எடுக்கும்போது முதலில் வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். மெல்லிய ஓரம் புகைநிறமாக ஒளி விடவேண்டும். உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்னோஃப்ளேக் வகையின் வெள்ளைப் பூக்கள் கிறிஸ்டோபலைட் என்ற கனிமத்தின் படிகங்கள், சுரண்டினால் உரியாது. மஹோகனி வகையின் செம்பழுப்பு இரும்பால் வருவது. தங்கமினுக்கு வகைதான் எனக்கு உயிர்: குறிப்பிட்ட கோணத்தில் திருப்பினால் மட்டுமே மினுங்கும், உள்ளே சிக்கிய நுண்குமிழிகளால்.

கீறலைத் தாங்கும் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் இது 5 முதல் 5.5, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. கடற்கரைக்குப் போட்டுப் போனால் கீறல் விழும். உடைந்த சில்லை வெறுங்கையால் எடுக்காதீர்கள், பிளேடைவிடக் கூர்மை.