அறிவுக்கெட்டாத அன்பை ஜெபத்தில் அறிந்துகொள்வது எப்படி?

தேவன் உலகத்தில் அன்புகூர்ந்ததைச் சொல்லும் யோவான் 3:16ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத விசுவாசிகள் மிகச் சிலரே. ஆனால் அந்த வசனத்தைச் சொன்ன அதே வாயால் ஜெபிக்கத் தொடங்கும்போது நம்மில் பலர் நேசிக்கப்பட்ட பிள்ளையைப் போலப் பேசுவதில்லை. வேலைக்குத் தாமதமாக வந்து காரணம் சொல்லுகிறவரைப் போல, "இந்த வாரம் சரியாக ஜெபிக்கவில்லை, வேதம் வாசிக்கவில்லை, மன்னியும்" என்று அவசரமாகத் தொடங்கி, விண்ணப்பங்களை வரிசையாகச் சொல்லி, ஆமென் போட்டு எழுந்துவிடுகிறோம். தேவன் நம்மை நேசிக்கிறார் என்பது தெரிந்திருந்தும், அந்த அன்பின் ஆழத்துக்குள் நம்முடைய ஜெபம் இறங்குவதில்லை. அப்படி இறங்குவதற்கு வேதத்திலேயே ஒரு ஜெபம் உண்டு. அது எபேசியர் 3ஆம் அதிகாரம் 14 முதல் 21 வரையுள்ள வசனங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தனிஜெபத்தில் எப்படி ஜெபிக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கவனிக்கவேண்டியது, எபேசு சபைக்கு இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இங்கே எதைக் கேட்கவில்லை என்பதே. எபேசியரைத் தேவன் இன்னும் அதிகமாக நேசிக்கவேண்டும் என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்பு ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. அதை உணர்ந்துகொள்ளும் பெலன் இவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்றே சிறையிலிருந்து அவர் மன்றாடுகிறார். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் ஜெபத்தின் தொனியே மாறிவிடும்.

தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் போதும். பகுதியை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு மூன்று முறை வாசியுங்கள். அதிகாரத்தின் முதல் வசனத்தில் "இதினிமித்தம்" என்று தொடங்கிய பவுல், இடையில் வேறு விஷயத்துக்குப் போய், 14ஆம் வசனத்தில் மறுபடியும் "இதினிமித்தம்" என்று திரும்பி வருவதைக் கவனியுங்கள். அப்படியே ஜெபத்தின் இடையில் உங்கள் சிந்தையும் வேறெங்கோ போய்விட்டால், விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து தொடர்ந்தால் போதும். குற்ற உணர்வோடு முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. பவுல் முழங்கால்படியிட்டதாகச் சொல்லுகிறார். நின்று ஜெபிப்பது யூதர்களிடையே சாதாரண வழக்கம். லூக்கா 18இல் பரிசேயனும் ஆயக்காரனும் நின்றே ஜெபிக்கிறார்கள். முழங்காலில் விழுவதை கெத்செமனேயில் இயேசுவிடத்திலும், கல்லெறியப்பட்டு மரித்த ஸ்தேவானின் கடைசி நிமிடத்திலும், மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களைப் பிரியும்போது பவுலிடத்திலும் பார்க்கிறோம். பாரம் மிகுந்த நேரங்கள் அவை. ஆகவே முடிந்தவர்கள் முழங்காலிடலாம். மூட்டுவலி உள்ளவர்கள் தயங்காமல் நாற்காலியில் உட்காரலாம்.

முதல் விண்ணப்பம் பெலனுக்காக இருக்கட்டும். "உள்ளான மனுஷனில்" ஆவியானவரால் வல்லமையாய்ப் பலப்படவேண்டும் என்று 16ஆம் வசனம் கேட்கிறது. அன்பைப் பெற்றுக்கொள்ள எதற்குப் பெலன் என்று தோன்றலாம். லூக்கா 15இல், தகப்பன் பிரித்துக்கொடுத்த ஆஸ்தியை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய குமாரனைப் பாருங்கள். பன்றிகளின் நடுவே உட்கார்ந்து அவன் தகப்பனிடம் சொல்லவேண்டியதைத் தயாரிக்கிறான். அதில் மூன்று பகுதிகள் உண்டு: பாவஞ்செய்தேன், குமாரன் என்று சொல்லப்படுவதற்குப் பாத்திரனல்ல, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டையும் சொல்லுகிறான். மூன்றாவது அவன் வாயில் வருவதேயில்லை. அதற்குள் தகப்பன் ஊழியக்காரரைப் பார்த்து உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சைகளையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலிக்காரனாகத் தங்குவது அவனுக்கு ஒருவகையில் எளிது. செய்த நஷ்டத்தை உழைத்து ஈடுகட்டலாம், தலைநிமிர்ந்து நிற்கலாம். மோதிரம் போட்ட கையோடு பந்தியில் உட்காருவதற்குத்தான் பெலன் வேண்டும்.

ஆகையால் உங்கள் ஜெபத்தில் அந்த மூன்றாவது பகுதி எந்த வடிவில் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். "இனி தவறாமல் காலையில் எழுந்து ஜெபிப்பேன், என்னைக் கைவிடாதேயும்" என்பது பக்தியான தீர்மானம் போலத் தோன்றும்; பல நேரங்களில் அது கூலிக்காரனின் பேரம். அதைக் கண்டுகொண்டால் அங்கேயே நிறுத்தி, "பிதாவே, உம்முடைய அன்பை விலைகொடுக்காமல் வாங்கிக்கொள்ள என்னைப் பலப்படுத்தும்" என்று கேளுங்கள். அன்று வேறெதையும் கேட்க முடியாமல் போனாலும் பரவாயில்லை.

அடுத்து 17ஆம் வசனம். கிறிஸ்து இருதயத்தில் "வாசமாயிருக்க" வேண்டும் என்பது, விருந்தாளியாக வந்து போவதைச் சொல்லாமல் நிரந்தரமாகக் குடியிருப்பதைச் சொல்லுகிறது. வேரூன்றுவதும் நிலைபெறுவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல; செடியையும் கட்டடத்தின் அஸ்திபாரத்தையும் நினைத்தால் இது புரியும். இந்த வசனத்தை மட்டும் ஒரு வாரம் தொடர்ந்து, அதே வார்த்தைகளில் ஜெபிக்கலாம்.

பிறகு வருவதே இந்த ஜெபத்தின் நடுமையம்: கிறிஸ்துவின் அன்பின் அகலமும், நீளமும், ஆழமும், உயரமும். ஒவ்வொரு அளவும் எதைக் குறிக்கிறது என்று பவுல் பிரித்துச் சொல்லவில்லை. ஆதிச்சபையின் போதகரான அகஸ்டின் (354–430) இவற்றைச் சிலுவையின் வடிவத்தோடு பொருத்தி விளக்கினார்; அழகான தியானம்தான் அது. ஆனால் தனிஜெபத்துக்கு அதே நிருபத்தின் முந்தின அதிகாரங்களிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். அகலத்துக்கு 2:11–22; யூதரையும் புறஜாதியாரையும் பிரித்த நடுச்சுவரைத் தகர்த்த அன்பு. நீளத்துக்கு 1:4; உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்ட அன்பு. உயரத்துக்கு 2:6, உன்னதங்களிலே கிறிஸ்துவோடேகூட நம்மை உட்காரச்செய்த அன்பு. ஒரு நாளைக்கு ஒன்றை எடுத்து, வசனத்தை வாசித்து, அதற்காக மட்டும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

ஆழத்துக்கு அதிக நாட்கள் வேண்டும். நாம் அக்கிரமங்களினாலும் பாவங்களினாலும் மரித்தவர்களாயிருந்தோம் என்று 2:1 சொல்லுகிறது. அன்பு அந்த அளவு கீழே இறங்கியது. இதை ஜெபத்தில் அறிய வேண்டுமானால், நம் வாழ்வின் ஆழமான இடத்துக்கு நாமே பெயர் சொல்லவேண்டும். "என் எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லும்வரை, எல்லா அன்பும் பொதுவாகவே கேட்கும். எவரிடமும் சொல்லாத அந்த ஒன்றை, எந்த வருஷம், யாரிடம், என்ன செய்தேன் என்று நேரடியான வார்த்தைகளில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்தியான மொழி வேண்டாம். வழக்கமாகப் பேசும் மொழியே போதும். நீங்கள் செய்தது அல்லாமல் உங்களுக்கு இழைக்கப்பட்டதாக அது இருந்தால், பாவ அறிக்கையாகச் சொல்லாதீர்கள், காயமாகவே சொல்லுங்கள். 130ஆம் சங்கீதக்காரன் ஆழங்களிலிருந்தே கூப்பிட்டான். சொல்லி முடித்தவுடன் ரோமர் 5:8ஐ வாய்விட்டு வாசியுங்கள். "நாம் பாவிகளாயிருக்கையில்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். நாம் திருந்திய பின் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அதன்பின் இரண்டு நிமிடமாவது ஒன்றும் பேசாமல் இருங்கள். பழைய நினைவுகளைத் தனியே திறப்பது தாங்க முடியாததாக இருந்தால், நம்பிக்கைக்குரிய போதகரையோ முதிர்ந்த விசுவாசி ஒருவரையோ உடன் வைத்துக்கொள்வது ஞானம்.

இப்படியெல்லாம் ஜெபித்தும் ஒன்றும் உணராத நாட்கள் வரும். அதை மறைக்காமல் சொல்லவேண்டும். நான் பல ஆண்டுகள் ஒரு ஜெபக்குறிப்பு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அளவுகோலால் கோடு போட்டு, இடது பக்கம் கேட்ட தேதி, வலது பக்கம் கிடைத்த தேதி. வலது பக்கம் நிரம்பிய மாதங்களில் தேவன் என்னை நேசிக்கிறார் என்று பாடினேன். வெறுமையாகக் கிடந்த மாதங்களில் நோட்டைத் திறக்கவே கை வரவில்லை. என் தாயின் சுகத்துக்காக எழுதிய வரிக்கு எதிரே இன்றும் தேதி இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் யோவான் 11:5,6 எனக்குப் புரிந்தது. இயேசு மார்த்தாளிடத்திலும் அவளுடைய சகோதரியிடத்திலும் லாசருவினிடத்திலும் அன்பாயிருந்தார். அவன் வியாதியாயிருக்கிறதாகக் கேள்விப்பட்டபின்பும் தாம் இருந்த இடத்திலே இரண்டுநாள் தங்கினார். அன்பும் தாமதமும் அடுத்தடுத்த வசனங்களில் நிற்கின்றன. தாமதத்துக்குக் காரணம் எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வலது பக்கத்தை வைத்து அன்பை அளப்பதை அன்றோடு விட்டேன்.

அத்தகைய நாட்களில் 13ஆம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாக்குங்கள். ஆறே வசனங்கள், முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, கடைசிவரை வெளிச்சம் வருவதில்லை. அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. வார்த்தையே வராவிட்டால், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26ஐ நம்பி, மௌனமாக உட்கார்ந்திருங்கள். உணர்ச்சியை வரவழைக்க முயற்சி செய்யாதீர்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் ஜெபம் குறைந்துபோகாது.

இன்னொன்றையும் விட்டுவிடக்கூடாது. இந்த அன்பை "சகல பரிசுத்தவான்களோடுங்கூட" உணரவேண்டும் என்கிறார் பவுல். ஜெபம் முழுவதும் "நீங்கள்" என்ற பன்மையில்தான் இருக்கிறது. எனவே சில வாரங்களுக்குப்பின் இதே வசனங்களை மற்றவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒருவர் போதும். "நீங்கள்" என்று வரும் இடங்களில் அவருடைய பெயரை வைத்து, 16 முதல் 19 வரை மெதுவாகச் சொல்லுங்கள். நன்றாகப் பழகுகிறவர்களோடு நிறுத்திவிடாமல், ஆராதனை முடிந்ததும் நீங்கள் பார்க்காமல் கடந்துபோகும் அந்த ஒருவரின் பெயரையும் சேருங்கள். முதல் சில நாட்கள் அந்தப் பெயர் வரும்போது குரல் தடுமாறும், தடுமாறினாலும் சொல்லுங்கள்.

அவருக்கு என்ன தேவை என்றே தெரியாதபோது, லாசருவின் சகோதரிகள் அனுப்பிய செய்தியைப் பின்பற்றலாம்: "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்." என்ன செய்யவேண்டும் என்று அவர்கள் கட்டளையிடவில்லை. உம்மை நேசிக்கிறவன் என்று சகோதரனின் பக்தியைக் காரணம் காட்டவும் இல்லை. ஒருவரின் பெயரையும், ஆண்டவர் அவரை நேசிக்கிறார் என்பதையும், அவருடைய நிலைமையையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு விடலாம்.

ஒவ்வொரு முறையும் 20, 21ஆம் வசனங்களோடு முடியுங்கள். நாம் வேண்டிக்கொள்ளுகிறதற்கும் நினைக்கிறதற்கும் மிகவும் அதிகமாய்ச் செய்ய வல்லவருக்கு மகிமை என்று அங்கே வருகிறது. கேட்டதையெல்லாம் அவர் கையில் வைத்துவிட்டு, அந்த ஆமெனை மட்டும் சத்தமாகச் சொல்லி எழுந்திருங்கள்.