தாள் பாலத்தில் தொடங்கும் வடிவமைப்புப் பாடம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிக்க, முதல் பாடத்துக்கு ஏ4 தாள்களும் ஒரே வகை நாணயங்களும் போதும்.

இரண்டு புத்தக அடுக்குகளை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஒரே தாளால் பாலம் அமைக்கச் சொல்லுங்கள். தாளைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு குழுவும் தன் எண்ணத்தை அளவுகளோடு வரைந்து, பாலம் எந்த இடத்தில் முதலில் தளரும் என்ற கணிப்பையும் எழுதிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் பாடம் வெறும் கைவேலையாகச் சுருங்கிவிடும்.

விரித்த தாள் சில நாணயங்களிலேயே தொய்ந்துவிடும். அதையே நீளவாக்கில் 1 செ.மீ. அகல விசிறி மடிப்புகளாக மடித்தால் பல மடங்கு எடையைத் தாங்கும். மடிக்கும்போது தட்டையான தாளுக்கு உயரம் கிடைக்கிறது; செவ்வகக் குறுக்குவெட்டு கொண்ட உத்தரத்தின் உயரம் இரட்டித்தால் அதன் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, 8 மடங்காகும் என்பதே இதன் அடிப்படை. ஆயினும் பிள்ளைகள் கையால் உணர்ந்த பிறகே இதைச் சொல்லுங்கள். நெளிதகரக் கூரையையும் அப்போது காட்டலாம்.

நாணயங்களை ஒவ்வொன்றாக வைக்கும்போது ஒரு மாணவர் பக்கவாட்டிலிருந்து கவனிக்கட்டும். பெரும்பாலும் தாள் கிழிவதில்லை. மடிப்புகள் விரிந்து தட்டையாவதால்தான் பாலம் சரிகிறது. இதைக் கண்டவர்கள், மடிப்புகளைக் குறுக்கே ஒட்டுநாடாவால் பிணைக்கலாம் என்று தாமே சொல்வார்கள். அதற்காக இரண்டாவது தாளைக் கட்டாயம் கொடுங்கள்.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் வடிவமைத்தல், உருவாக்குதல் ஆகியவற்றோடு மதிப்பிடுதலும் தனிப் பிரிவாக இருக்கிறது. ஆகவே தாங்கிய எடைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், இரண்டாம் வரைபடத்தில் செய்த மாற்றத்துக்கும் அதற்கான காரணத்துக்கும் கூடுதலாகத் தருவதே முறை.