மட்டக்களப்புக்கு கேமராவோட ரெண்டு நாள்: எப்ப போறது, எங்க நிக்கிறது, பாலத்தில ஏன் படம் ஆடுது

நான் அக்கரைப்பற்றுக்காரன். மட்டக்களப்பு எங்களுக்கு பஸ்ஸில ரெண்டு மணித்தியாலம், சின்னனிலருந்து எத்தின தரம் போயிருப்பன் எண்டு கணக்கில்ல. ஆனா படம் எடுக்கிறதுக்கெண்டே போன முதல் தரம் நானூறு படத்தோட வந்தன், அதில ஒண்டக்கூட வெளிய காட்ட ஏலாம இருந்த. கோட்டைக்கும் பாலத்துக்கும் ஆட்டோவில ஓடித் திரிஞ்ச காசுதான் மிச்சம். அதுக்குப் பிறகு மூணு தரம் போய் அடிபட்டுத்தான் பிடிபட்டிச்சு. மெனுவல் மோட், ரோ ஃபைல் எல்லாம் உங்களுக்குத் தெரியும் எண்டு வச்சிட்டு நேரா விசயத்துக்கு வாறன்.

ஸ்டெப் 1: கலண்டரப் பாருங்க

போயாவுக்கு (பௌர்ணமிக்கு) முதல் நாள் போய் இறங்குங்க. ஏனெண்டா நாம நிக்கப்போற கல்லடி ஒரு ஒடுக்கமான துண்டு நிலம், கிழக்கால கடல், மேற்கால வாவி. பொழுது (சூரியன்) கடலுக்க எழும்பி ஆத்துக்க விழும் (வாவிய எங்கட ஆக்கள் ஆறு எண்டுதான் சொல்லுவாங்க, ஆத்தங்கரை எண்டு கேட்டா டக்கெண்டு காட்டுவாங்க). போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் பொழுது விழ முதலே கடல்ல நிலா வந்திரும், அப்ப வானத்தில வெளிச்சம் இருக்கிறபடியா படத்தில நிலாவும் விழும், அலையும் விழும், தோணியும் விழும். போயா அண்டைக்கு நிண்டு எடுத்தா நிலா மேல வாறதுக்குள்ள கீழ எல்லாம் கறுத்துப் போயிரும், நிலா மட்டும் வெள்ளைப் பொட்டு மாதிரி நிக்கும். என்ட முதல் நானூறு படத்தில அம்பதுக்கு மேல அந்தப் பொட்டுத்தான்! அடுத்த நாள் விடிய அதே நிலா ஆத்துப் பக்கம் இறங்கும், அதையும் விடாதீங்க. நிலா எழும்புற நேரம் பார்க்க காசு குடுத்து ஆப் வாங்க வேணாம், ஸ்டெலேரியம் எண்ட சும்மா கிடைக்கிற வான்படம் காட்டுற சொஃப்ட்வெயார் காணும்.

மாசத்துக்கும் ஒரு சொல்லு. கார்த்திகை, மார்கழியில மழை கொட்டும், வெள்ளமும் வரும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து (மேற்கால வாற காஞ்ச சூட்டுக் காத்து), மத்தியானம் மூஞ்சி எரியும், வானமும் மங்கலா கிடக்கும். எனக்குப் பிடிச்சது மாசியும் பங்குனியும், வயலெல்லாம் பழுத்து நிக்கும்.

ஸ்டெப் 2: கல்லடியில ரூம் எடுங்க

டவுண் புளியந்தீவில இருக்கு, அங்க நிண்டா விடிய கடலுக்கு வர ஆட்டோ தேடோணும். கல்லடியில நிண்டா ரெண்டு பக்கமும் நடையிலதான். விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் அங்கதான் இருக்கு, அதால பின்னேரத்தில பாட்டு, டான்ஸ், சித்திரம் படிக்கிற பிள்ளைகள் பிளேன்டீ கடையில கூட்டமா இருப்பாங்க. கிழக்குப் பல்கலைக்கழகம் 1986இல் வந்தது, அது வடக்கால வந்தாறுமூலையில, பஸ் பிடிச்சுப் போகோணும். கெம்பஸ் பிள்ளைகளப் படம் எடுக்கிறதெண்டா முதல்ல பக்கத்தில இருந்து ஒரு டீ குடிங்க, ரெண்டு கதை கதைங்க, பிறகு கேளுங்க. தூரத்தில நிண்டு சூம் பண்ணி எடுக்கிற பழக்கம் எனக்குக் கண்ணில காட்டக்கூடாது.

ஸ்டெப் 3: பாலம். இங்கதான் நான் விழுந்த

கல்லடிப் பாலம் ரெண்டு இருக்கு. பழசு 1924இல் கட்டின இரும்புப் பாலம், லேடி மானிங் பாலம் எண்டு பேரு. பக்கத்தில புதுசு 2013இல் திறந்தது. இருட்டினாப் பிறகு லைட்டெல்லாம் தண்ணியில நீளமா விழும், அத லோங் எக்ஸ்போஷர்ல எடுத்தா தண்ணி கண்ணாடி மாதிரி வரும் எண்டு நினைச்சு பாலத்துக்கு நடுவில ட்ரைபோட் வச்சு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இருபது செக்கண்ட் எண்டு எடுத்தன். கேமரா திரையில பார்க்க அந்த மாதிரி இருந்திச்சு. ரூமுக்கு வந்து லெப்டொப்பில பெருப்பிச்சா ஒவ்வொரு லைட்டும் ரெண்டா, சிலது மூணா நிக்குது. லென்ஸ் பழுதெண்டு நினைச்சு அண்டைக்கு நித்திரையே வரல்ல.

அடுத்த நாள் அதே இடத்துக்குப் போய் கைபிடியில கைய வச்சுக்கொண்டு நிண்டன், ஒரு பஸ் போச்சு, கையில அப்பிடியே நடுங்கிச்சு. லென்ஸ் நல்லம், பாலம்தான் ஆடுது. வாகனம் போய் முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்த ஆட்டம் இருந்துகொண்டே இருக்கு. காத்துக்கு அசையாம இருக்கோணும் எண்டு ட்ரைபோட்டில பேக்க தொங்க விட்டிருந்தன் பாருங்க, அந்த பேக் ஆடி ஆடி இன்னும் கெடுத்திட்டு.

அதுக்கு நான் இப்ப செய்யிறது: பாலத்தில நிண்டு எடுக்கவே வேணாம், இறங்கி கரைக்குப் போங்க. தரையில ட்ரைபோட் ஆடா, அதோட பாலமே படத்துக்க வரும், அது இன்னும் நல்லம். இல்ல மேல நிண்டுதான் எடுப்பன் எண்டு நிண்டா, ஐஎஸ்ஓவ 800க்குக் கூட்டி ரெண்டு மூணு செக்கண்ட்ல வாகனமில்லாத இடைவெளி பார்த்து எட்டுப் பத்து படம் எடுத்து பிறகு கம்ப்யூட்டர்ல ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்குங்க. ஷட்டர கையால அமத்தாதீங்க, செல்ஃப் டைமர் ரெண்டு செக்கண்ட் வைங்க.

ட்ரைபோட் எண்டா பாரமானது வாங்குங்க. பஸ்ஸில தூக்க சுகம் எண்டு காத்தடிச்சா பறக்கிற சாமான் வாங்கி நான் ரெண்டு உடைச்சிட்டன்.

ஸ்டெப் 4: மீன் பாட்டு

இந்த வாவியில மீன் பாடும் எண்டு சொல்லுவாங்க, அத கேக்கிறது இப்பிடித்தான்: சித்திரையிலருந்து ஐப்பசி வரைக்கும் போயா ராத்திரியில பாலத்துக்குக் கிட்ட தோணியில போய், துடுப்பின்ட ஒரு நுனிய தண்ணிக்க விட்டு மற்ற நுனியில காத வைக்கிறது. என்ன கூட்டிப் போன ஐயா எஞ்சின நிப்பாட்டிப் போட்டு, "மனே, கேமராவ கீழ வை, இது கண்ணால பாக்கிறதில்ல" எண்டாரு. எனக்கு வீணைக் கம்பியத் தட்டின மாதிரி ஒரு சத்தம் கேட்டிச்சு, கூட வந்தவனுக்கு ஒண்டும் கேக்கல்ல. தோணியில ட்ரைபோட் சும்மா பாரம், விட்டிட்டுப் போங்க.

ஸ்டெப் 5: மத்தியானம்

படம் எடுக்காதீங்க. பத்து மணிக்குப் பிறகு வெளிச்சம் தலைக்கு மேல, எல்லாம் வெளிறும். இடியப்பம், சொதி, கூனிச் சம்பல், பிறகு எருமைத் தயிர், அதோட நித்திரை. சும்மா இருக்க ஏலாதெண்டா கோட்டையப் போய்ப் பாருங்க, 1628இல் போர்த்துக்கேயர் கட்டினது, பத்து வருசத்தில ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க, சுவர் நிழல்ல படமும் கொஞ்சம் சரிவரும். பின்னேரம் நாலு மணிபோல பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போங்க, 1913இல் கட்டினது, பக்கத்தில கண்டல் மரங்கள் நிக்கிற தண்ணி இருக்கு. சிபிஎல் ஃபில்டர் (தண்ணியில அடிக்கிற மினுக்கத்தக் குறைக்கிற கண்ணாடி) அங்கதான் வேலை செய்யும், பொழுது உங்கட தோள்ப் பக்கம் நிக்க வைங்க. பொழுதுக்கு நேரா திருப்பினா ஃபில்டர் இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்.

பிறகு சேர்த்தது: கமெண்ட்ல மூணு நாலு பேர் விடியப்புறம் கடற்கரையில முதல் கால் மணித்தியாலம் படமெல்லாம் புகை மாதிரி வருகுது எண்டு கேட்டிருந்தீங்க. அது ஏசி ரூம். குளிர்ந்த லென்ஸ் வெளிய வந்ததும் வேர்க்கும், துணியால துடைச்சா திரும்பத் திரும்ப வேர்க்கும். ராத்திரியே கேமரா பேக்க ஏசி இல்லாத இடத்தில, குளியலறையிலயாவது வச்சிட்டுப் படுங்க. மறந்திட்டா பேக்க மூடினபடி வெளிய கொண்டுவந்து அரை மணித்தியாலம் திறக்காதீங்க.

இன்னொரு தம்பி ட்ரோன் கொண்டு போகலாமா எண்டு கேட்டிருந்தாரு. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ட அனுமதி இல்லாம பறக்க விடாதீங்க, ஆமி கேம்ப் பக்கம், செக்பொயின்ட் பக்கம் கேமராவையும் தூக்காதீங்க. தனியப் போற தங்கச்சிமார் கடற்கரைக்கு இருட்டோட போகாம ஆறு மணிக்குக் கிட்டப் போங்க, அந்த நேரம் வலை இழுக்கிற ஆக்கள், நடக்கிற ஆக்கள் எண்டு சனம் இருக்கும். பொழுது எழும்புறதும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.