எரிமலை பார்க்கப் போய்க் கடற்கரையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்: குவாதலூப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசிலிருந்து குவாதலூப் போகும் நம்மவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருவது என் தொழில். முதல்முறை போகிறவர்கள் தாங்களே ஒரு திட்டம் எழுதி, "சரியா பாருங்கள்" என்று அனுப்புவார்கள். வருடா வருடம் அதே தவறுகள்தான். கொசு மருந்து, வெயில் கிரீம் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஏழு இரவும் கிழக்கே தங்குவது

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப், பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் இரண்டு தீவுகள். நடுவே ஒடுங்கிய கடல்கால்வாய் ஒன்று ஓடுகிறது. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கரும்புக்காடு, வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: மழைக்காடு, அருவி, 1,467 மீட்டர் உயர லா சூஃப்ரியேர் எரிமலை. சிற்றண்டிலீஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம் இதுதான்.

விளம்பரப் படங்களில் வருவதெல்லாம் கிழக்குக் கடற்கரை. அதைப் பார்த்துவிட்டு லெ கோசியேயிலோ சேன்-பிரான்சுவாவிலோ வாரம் முழுவதுக்கும் அறை பிடித்துவிடுகிறார்கள், அதுவும் பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில். எரிமலைக்கு "ஒரு நாள் போய் வரலாம்" என்று ஒரு வரி. இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு குடும்பம் இப்படித்தான் போனது. சேன்-பிரான்சுவாவிலிருந்து மலையடிவாரத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் ஜாரி பக்கம் காலை நெரிசல். பிள்ளைகளை எழுப்பி, சாப்பிட வைத்துக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மலையேறும் பாதை தொடங்கும் பேன் ஜோனில் கார் நிறுத்த இடமில்லை, திரும்பிவிட்டார்கள். இன்னொரு நாள் போனார்கள். இடம் கிடைத்தது, ஆனால் மலையை மேகம் மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஊருக்கு வந்து, "அந்த மலையில ஒண்டுமே இல்லை அண்ணா" என்றார்கள். விமான டிக்கெட்டுக்கே எவ்வளவு செலவு செய்திருப்பார்கள்!

கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் முட்டித்தான் மேலே ஏறுகிறது. உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை. மேகம் விலகும் வாய்ப்பு அதிகாலையில்தான் கூடுதல். மலையடிவார ஊரான சேன்-குளோதில் தங்கியிருந்தால் பேன் ஜோன் கால் மணி நேரத் தூரம். ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கலாம். முதலில் காட்டுக்குள் கல் பாவிய பாதை. மரமெல்லாம் பாசி, காலடியில் தண்ணீர் சலசலக்கும். அரை மணிக்குள் மரங்கள் குட்டையாகி, சட்டென்று வெட்டவெளி வரும், கந்தக வாடை மூக்கில் ஏறும். நிமிர்ந்தால் முழு மலையும் எதிரே நிற்கும். ஒரு நாள் மேகம் மூடினாலும் மறுநாள் போகலாம். பக்கத்தில் தங்குவதன் லாபமே அதுதான்.

ஆகவே சேன்-குளோத், துருவா-ரிவியேர் பக்கம் மூன்று இரவு, பிறகு வடமேற்கே தெஏயில் இரண்டு இரவு பிடியுங்கள். தெஏ அருகே கிராந்த்-ஆன்ஸ் கடற்கரை இருக்கிறது. மணலுக்காகக் கிழக்கே போக வேண்டியதே இல்லை. வெள்ளை மணல்தான் வேண்டுமென்றால் கடைசி இரண்டு இரவைக் கிழக்குச் சிறகில், விமான நிலையப் பக்கம் வையுங்கள்.

பழைய வழிகாட்டி நூலை நம்புவது

பேன் ஜோனுக்கு மேலேயும் கார் போகும் என்று அதில் இருக்கும். 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு போகாது.

தடைக் கயிற்றைத் தாண்டுவது

உச்சியில் வாயு கக்கும் வெடிப்புகளைச் சுற்றிப் பிரெபெக்சர் (அரசு நிர்வாகம்) ஆணைப்படி தடை இருக்கிறது. அந்த அமில வாயு நுரையீரலைக் கெடுக்கும். இது உறங்கிப்போன மலை இல்லை. 1976-ல் சீறியபோது 70,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள்.

வெந்நீர்க் குளத்தில் தலையை முக்குவது

தயவுசெய்து வேண்டாம். இயற்கை வெந்நீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். 2008-ல் இந்தத் தீவில் ஒரு சிறுவன் அப்படித்தான் இறந்தான். கழுத்துவரை இறங்குங்கள், பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள்.

மஞ்சினீல் மரம்

சிவப்பு வளையம் பூசிய மரத்தடியில் மழைக்கு ஒதுங்காதீர்கள், சொட்டும் நீரே தோலைப் பொசுக்கும்.

ஆற்று நீரின் நிறத்தைக் கவனிக்காதது

தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டும். தண்ணீர் கலங்கினால் அந்த நொடியே கரையேறுங்கள்.

ஷான்ஜி கோவிலில் பாடம் எடுப்பது

கப்பெஸ்தேர்-பெல்-ஓ சாலையோரம் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. 1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அன்றாடம் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும்தான், ஆனால் பூசையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கும். நம்மவர்கள் சிலர் உள்ளே போய் உச்சரிப்பைத் திருத்துகிறார்கள், ஆடு வெட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, தாய்நாட்டுத் தொடர்பு அற்றுப்போன நிலையிலும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுப் படம் எடுங்கள்.

லே சேன்த் தீவுகளுக்குத் தவறான துறையில் ஏறுவது

துருவா-ரிவியேரில் ஏறினால் அரை மணிக்குள் அக்கரை.