மானாவாரியில் புது ரகச் சோளம்: எங்கே தவறுகிறது, எப்படித் தடுப்பது

கோவில்பட்டி, கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையங்களின் கே 12, கோ 32 போன்ற சோள ரகங்கள் நாட்டுச் சோளத்தைவிடக் கூடுதலாக விளையக்கூடியவை. ஆனாலும் கரிசல் காடுகளில் பல இடங்களில் பயிர் பாதிதான் தேறுகிறது. விதைக்கும் நாளும் முதல் 30 நாள் கவனிப்பும் பிசகினால், எந்த ரகமும் கைகொடுக்காது.

விதை வாங்கியதும் 100 மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பு பாருங்கள். 75-க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ, நீர் பாய்ச்சும் இறவைக்கு 4 கிலோ விதை போதும். மானாவாரி விதையை வறட்சி தாங்கும்படி கடினப்படுத்துவது அவசியம். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, கிலோ விதைக்கு 350 மி.லி. கரைசல் ஊற்றி 6 மணி நேரம் ஊறவிட்டு, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் முளைப்பு கெடும்.

பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதானால் 5 செ.மீ. ஆழம் வேண்டும். மேலாக விழுந்த விதை ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும்.

அதிகச் சேதம் குருத்து ஈயால்தான். முளைத்த ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை ஆபத்து. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சின்ன வெள்ளை முட்டை ஒற்றையாக ஒட்டியிருக்கும். புழு குருத்துக்குள் இறங்கி வளரும் நுனியை அறுத்துவிடும். நடுக்குருத்து காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும், அடியில் அழுகல் நாற்றம் அடிக்கும். பிறகு அடியிலிருந்து பக்கவாட்டில் புதுத் தூர்கள் கிளம்பினாலும் அவை பிந்திப் பூக்கும், கதிரும் சிறுக்கும். ஊரில் எல்லோரும் விதைத்து முடித்தபின் தாமதமாக விதைத்த காட்டில்தான் இந்த ஈ பெருகி வந்து மொய்க்கும். அதனால் பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் விதைப்பதே முதல் மருந்து.

கடினப்படுத்திய விதைக்குக் கிலோவுக்கு 12 மி.லி. இமிடாகுளோபிரிட் 48 எஃப்.எஸ். என்ற பூச்சிமருந்தைக் கலந்து விதைக்கலாம். கையுறை போடுங்கள், மீந்த விதையைக் கோழிக்குப் போடக் கூடாது. ஈயை இழுத்துப் பிடிக்க ஏக்கருக்கு 5 கருவாட்டுப் பொறிகளை 30 நாள் வரை வைக்கலாம். நெருக்கமான செடிகளைக் கலைக்கும்போது குருத்து காய்ந்த செடிகளைப் பிடுங்கி அழித்து, செடிக்குச் செடி 15 செ.மீ. விடுங்கள்.

உரத்தை மிஞ்சிப் போடுவதில் பயனில்லை. மானாவாரிக்கு ஏக்கருக்கு 35 கிலோ யூரியா, 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் போதும்.

குறுகிய வயது ரகம் தனியாக முந்திப் பழுத்தால் ஊர்க் குருவியெல்லாம் அங்கேதான் இறங்கும். வெள்ளை மணி அதற்கு இன்னும் பிடிக்கும். கசப்பும் கருநிறமும் கொண்ட இருங்குச் சோளத்தை அது அவ்வளவாகத் தொடாது. பூக்கும் சமயம் கதிர் ஈயும் வரும். பூவை நசுக்கினால் செந்நீர் கசிவது அடையாளம். மணி முற்றும்போது மழை பிடித்தால் நெருக்கமான கதிரில் பூசணம் படியும். ஆகவே மணியின் அடியில் கரும்புள்ளி தெரிந்ததும் அறுத்து, கதிரைக் களத்தில் பரப்பிக் காயவையுங்கள். செடியிலேயே காயட்டும் என்று விட்டால் மழை முந்திக்கொள்ளும். மணியில் ஈரம் 10-12 சதவீதமாகக் குறைந்தபின் மூட்டை கட்டலாம்.

வீரிய ஒட்டு விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்; செடிகள் ஏற்றத்தாழ்வாக வரும். ஒட்டு அல்லாத சாதாரண ரகமானால் எடுக்கலாம், வேறு சோளக் காட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருந்தால்.

மாடு வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மழையின்றி வாடிய இளம் பயிரிலும் அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு கூடியிருக்கும். பசியோடு மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே விழுந்துவிடலாம். நன்கு முற்றிய சோளத் தட்டையைக் காயவைத்துப் போடுங்கள்.